பிளக் அக்கா வீட்டுப் புகார்

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டு டிவி மக்கர் செய்தாலும் முதலில் அடி வாங்குவது டிவிதான். தலையில் ஒரு தட்டு, விலாவில் ஒரு தட்டு. பிறகு ரிமோட்டைத் தொடையில் தட்டுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால்தான் இரண்டாம் மாடிக்கு ஏறி என் நாத்தனார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். கதவு திறக்கும். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டுவிடுவார்: "பிளக் போட்டிருக்கா?"

கேட்டவருக்குச் சுருக்கென்று இருக்கும். என்னை என்ன சின்னக் குழந்தை என்று நினைத்தீர்களா என்று முகம் சுண்டும். ஆனாலும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்ததே இல்லை. அப்படித்தான் அவருக்குப் பிளக் அக்கா என்று பெயர் விழுந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

நான் அவருடைய தம்பி மனைவி. அண்ணி என்று கூப்பிடுவேன். தரைத்தளத்தில் எனக்குத் தையல் கடை, அதற்குப் பின்னாலேயே வீடு. நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே கட்டடத்தில் குடியிருந்தால் எலியும் பூனையுமாகத்தான் இருப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்களை நாங்கள் நிறைய ஏமாற்றியிருக்கிறோம். சண்டை வராமல் இல்லை. அவர் வாய் அப்படி, என் வாயும் அப்படி. ஆனால் நான் அவரைக் குறை சொல்லலாம், வேறு யாராவது சொன்னால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

என் தையல் மிஷினுக்கு மேலே தொங்கும் விளக்கு ஒரு காலத்தில் டிவி. மேல்மாடி ஆசிரியர் வீட்டில் பந்து பட்டு அதன் முன்கண்ணாடி நொறுங்கியது. குப்பைத் தொட்டி வரைக்கும் அவர் தூக்கிப் போனதை அண்ணி படிக்கட்டில் மறித்து வாங்கினார். உடைந்த முகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்னால் ஒளி தருகிற பலகையை மட்டும் வைத்துக்கொண்டு என் கூரையில் மாட்டினார். இப்போது கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓடினாலும் எனக்குத் தையல் தெரிகிறது. ஆசிரியர் ஒரு நாள் சட்டை அளவு கொடுக்க வந்தவர் அண்ணாந்து பார்த்தார். இதில் வருஷக்கணக்காகச் செய்தி பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை, இன்றைக்குத்தான் வெளிச்சம் தருகிறது என்றார்.

கடையில் பாட்டு பாடுவதும் அண்ணியின் கைவேலைதான். யாரோ தூக்கிப் போட்ட மியூசிக் செட்டின் ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், திரையில் கோடு விழுந்த என் பழைய போன். மூன்றும் தனித்தனியாகக் குப்பை, சேர்ந்தால் கச்சேரி. எதையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. படக்குழாய் வைத்த பழைய பெட்டி டிவியை எவ்வளவு கெஞ்சினாலும் திறக்க மாட்டார். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதற்குள் கரண்ட் தூங்கிக்கொண்டிருக்கும், அதை எழுப்பிப் பார்க்கிற துணிச்சல் தனக்கு வேண்டாம் என்பார்.

இதெல்லாம் அவருக்குப் பொழுதுபோக்கு. சம்பளம் வாங்குகிற வேலை கேபிள் டிவி ஆபீஸில். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு புகார் போன் எடுக்கும் வேலை. ஊர் முழுக்க இருக்கிற டிவிகளை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை, காதால் மட்டுமே வைத்தியம் பார்க்கிறார். படம் வரவில்லை என்று ஒருவர் குதிப்பார். சத்தம் வருகிறதா என்று கேட்பார். வருகிறது என்றால், அறையை இருட்டாக்கிவிட்டு டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்பார். மங்கலாக ஆள் நடமாட்டம் தெரிந்தால் டிவி சாகவில்லை, உள்ளே விளக்குத்தான் போயிருக்கிறது. ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் அதை போன் கேமராவுக்கு நேராகப் பிடித்து அமுக்கச் சொல்வார். கேமராவில் சின்னதாக வெளிச்சப் பொட்டு தெரிந்தால் ரிமோட் மேல் பழி இல்லை.

அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. சந்தேகப்படுவதை ஒரு நேரத்தில் ஒன்றாக மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கினால் எது கெட்டது என்று கடவுளுக்கே தெரியாது. போன் பண்ணுகிறவர் சொல்வதை முதலில் நம்ப வேண்டும், அவருக்குச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அவர் கண்டது உண்மை. இன்னொன்று சட்டம் இல்லை, பழக்கம். ஒயரில் கறுப்பு டேப் சுற்றினால் கடைசி முனையைத் துளி மடித்து விடுவார். நாளைக்குப் பிரிக்கிறவன் நகத்தால் சுரண்டி நம்மைத் திட்டக் கூடாது என்பார். எங்கள் கட்டடத்தில் எந்த ஒயரைத் தொட்டாலும் அந்த மடிப்பு விரலில் தட்டுப்படும்.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் ஒரு புகார் இரண்டு வருஷமாகப் பதிவாகாமல் கிடந்தது.

அண்ணியின் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். வாய் பேசாத மனுஷர். காலையும் மாலையும் வேன் நிறையக் குழந்தைகளின் கூச்சலைக் காதில் வாங்கிக்கொண்டு வருவதால், வீட்டுக்கு வந்தால் தன் பங்குக்கு மௌனமாக இருந்துவிடுவார். ஒரு நாள் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது பேசுகிறது புரியவில்லை என்றார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரே எழுந்து சத்தத்தைக் கூட்டினார். மேல்மாடி ஆசிரியர் தரையைத் தட்டினார். இது தினமும் நடந்தது. அப்புறம் ஒரு நாள் அவர்கள் மகள், வங்கியில் வேலை பார்க்கிறவள், சாப்பாட்டு மேசையில் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட்டாள்: அப்பாவுக்குக் காது போய்விட்டது.

தீர்ப்பு வந்த பிறகு சாட்சிக்கா பஞ்சம். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றாள் அவள். ஆமாம், நேற்று நானும் பார்த்தேன் என்றார் அண்ணி. அவர்தான் பிறந்ததிலிருந்தே இரண்டாவது கூப்பாட்டுக்குத் திரும்புகிறவர் என்பதை எல்லோரும் மறந்துபோனோம். அன்றிலிருந்து அவரிடம் பேசுகிறவர்கள் எல்லாம் கத்த ஆரம்பித்தோம். என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே தொண்டையில் ஒலிபெருக்கி, அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாலே அது இன்னும் ஒரு மடங்கு கூடிவிடும். காதருகே வந்து கத்தினால் யாருக்குத்தான் புரியும்? அவர் முழிப்பார். முழித்ததைப் பார்த்து நாங்கள் இன்னும் கத்துவோம்.

வீட்டில் கத்துவதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் பகலில் பார்சல்காரன் மணி அடித்திருக்கிறான். வீட்டில் அண்ணன் மட்டும்தான். கதவு திறக்கவில்லை, பார்சல் திரும்பிப் போய்விட்டது. சாயங்காலம் மகள் வந்து உட்கார்ந்தாள். அவள் கோபப்படவில்லை, அழுதுவிட்டாள். வாசல் மணியே கேட்காதவர் பின்னால் வருகிற லாரி ஹாரனை எப்படிக் கேட்பார், வேன் நிறைய ஊரார் பிள்ளைகள், ஒன்று ஆகிவிட்டால் நாம் யார் முகத்தில் முழிப்பது என்றாள். தப்பு சொல்ல முடியாது. அவள் சொன்னது அத்தனையும் நியாயம்தான்.

காதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று அண்ணி சொன்னார். அண்ணன் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார். சோதித்து, செவிடு என்று ஒருத்தர் காகிதத்தில் எழுதி, அதைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்து வெளியே வருவதைவிடத் தானாகச் சாவியைக் கொடுத்துவிட்டு வருவது மேல் என்று நினைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நல்லவர்கள், வாசல் கேட்டில் உட்காரும் வேலை தருவதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை சாவியை ஒப்படைப்பது என்று முடிவானது. கடைசி நேரத்தில் அப்பா மனசு மாறிவிடுவார் என்று மகளுக்குப் பயம். டிவிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிய வேன் சாவியை வெள்ளிக்கிழமையே எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வெறும் ஆணியை அண்ணன் பார்த்ததை நான் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை அண்ணி கையில் ஒரு நீள ஸ்பீக்கர் பெட்டியோடு என் கடைக்கு வந்தார். அவர்கள் வீட்டில் டிவியோடு ஒரு ஹோம் தியேட்டர் செட் உண்டு. சுற்றிலும் நாலு ஸ்பீக்கர், டிவிக்கு நேர் கீழே இந்த நீளப் பெட்டி. சண்டை, பாட்டு, மழை, இடி எல்லாம் மற்றதில் வரும். மனுஷர் பேசுகிற பேச்சு மட்டும் இந்த நடு ஸ்பீக்கரில்தான் வரும். இதைத் தனியாக எடுத்து, அண்ணன் உட்காருகிற நாற்காலியின் தலைமாட்டில் பொருத்திவிடப் போவதாகச் சொன்னார். பேச்சு அவர் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும், ஆசிரியரும் தரையைத் தட்ட மாட்டார். இனிமேல் வீட்டிலேயே நிறைய நேரம் இருக்கப் போகிறவர், டிவியாவது புரிந்து பார்க்கட்டும் என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்குரூ டிரைவரைத் தேடியபோது அது அவர் கையிலேயே இருந்தது.

என் விளக்குக்குக் கீழே பெட்டியை வைத்தார். என் ஆம்ப்ளிஃபயரில் இருந்து ஒரு ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார். போனில் எதையாவது பேச்சாகப் போடு என்றார். ஒரு வினாடி வினா நிகழ்ச்சியைப் போட்டேன். ஃபேனை நிறுத்தச் சொன்னார். கேட்டோம்.

பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருத்தன் பேசுவது போல இருந்தது. அவர்கள் வீட்டு டிவியில் நான் எப்போதும் கேட்கிற சத்தம்தான். சேனல்காரன் அனுப்புவதே அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன், மிச்சத்தை ஊகித்துக்கொள்வேன். அண்ணியோ நாள் முழுக்க ஹெட்செட்டில் ஊர்ப் பேச்சைக் கேட்டுவிட்டு வருகிறவர், வீட்டு டிவியைக் காதுகொடுத்துக் கேட்டே எத்தனையோ நாளாகிறது. மகளுக்கு அவள் போன் போதும். என் வீட்டுக்காரர் டிவி ஓடும்போது தானும் பேசுகிறவர். ஆக, அந்த ஹாலில் டிவியை ஒழுங்காகக் கேட்க உட்கார்ந்தவர் அண்ணன் ஒருத்தர்தான்.

அண்ணி நீளப் பெட்டியைக் கழற்றிவிட்டு மறுபடி என் கடை ஸ்பீக்கரையே மாட்டினார். மற்ற எதையும் தொடவில்லை, சத்தத்தைக்கூடக் கூட்டவில்லை. இப்போது அந்த ஆள் பானையில் இருந்து தலையை வெளியே எடுத்துவிட்டான். எட்டுக் கால் உண்டு, ஆனால் பூச்சி இனம் இல்லை, அது எது என்று கேட்டான்.

"சிலந்தி" என்று ஜன்னலுக்கு வெளியே இருந்து பதில் வந்தது.

என் ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் வேன் நிற்கும். அண்ணன் திங்கட்கிழமைக்காக அதைக் கழுவிக்கொண்டிருந்தார். இங்கே நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்ததே மெல்லிய சத்தம். நடுவில் ஜன்னல், அதற்கப்பால் தண்ணீர் வாளி, துணி பிழிகிற சத்தம். அதைத் தாண்டி, செவிடு என்று நாங்கள் சேர்ந்து முடிவு கட்டின மனுஷர் வினாடி வினாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் வாயைத் திறந்தேன். அண்ணி கையமர்த்தினார். மறுபடி நீளப் பெட்டியை மாட்டி, அதே சத்தத்தில் அடுத்த கேள்வியை ஓடவிட்டார். வெளியே பதில் இல்லை. எட்டிப் பார்த்து, கத்தாமல், சாதாரணமாக, "இது என்ன கேக்கறான்னு தெரியுதா?" என்றார்.

"அது என்னமோ நம்ம வீட்டு டிவி மாதிரி பேசறான், புரியல" என்றார் அண்ணன், டயரைத் துடைத்துக்கொண்டே.

அண்ணி உள்ளே வந்து பெட்டியின் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், நடுவில் ரூபாய்க் காசு போலச் சின்னதாக ஒன்று. ட்வீட்டர் என்பார்கள். ச, த, ப என்று பேச்சைக் கூராக்குகிற மெல்லிய ஒலியெல்லாம் அதில்தான் வரும். அந்தச் சின்னதற்குப் போகிற ஒயர் வெட்டப்பட்டிருந்தது. வெட்டின முனையில் கறுப்பு டேப். டேப்பின் கடைசியில் ஒரு துளி மடிப்பு.

அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் வேலைக்கு நடுவில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நான்தான் வெட்டினேன்" என்றார். "கரகரன்னு இரைஞ்சுது. இப்போதைக்கு இருக்கட்டும், அடுத்த வாரம் வேற மாட்டிக்கலாம்னு வெட்டி வச்சேன்."

அந்த அடுத்த வாரம்தான் கேபிள் ஆபீஸில் ஊர் முழுக்கப் பழைய செட்டாப் பாக்ஸை எடுத்துவிட்டுப் புதுசு கொடுத்தார்கள். போன் மணி ஓயவில்லை, அண்ணிக்குத் தொண்டை கட்டிப்போனது. ஊராருக்கெல்லாம் படம் வரவைத்தவர் சொந்த வீட்டு ஸ்பீக்கரை மறந்துபோனார். இப்போதைக்கு என்று செய்ததுதான் எங்கள் குடும்பத்தில் எப்போதைக்கும் நிற்கும். என் கடைக் கதவின் தாழ்ப்பாளுக்குப் பதில் கட்டின கயிறும் அந்த ரகம்தான்.

அண்ணனை உள்ளே கூப்பிட்டார். ஈரக் கையோடு வந்து நின்றார். அண்ணி பெட்டியைக் காட்டவில்லை, முதலில் கேள்விதான் கேட்டார். ஆபீஸில் கேட்பது போலவே, ஒன்று ஒன்றாக.

"வேன்ல பசங்க பேசறது கேக்குதா?"

"பின் சீட்ல யாரு யாரைக் கிள்ளினாலும் தெரியும். திரும்பிப் பாக்காமலே பேர் சொல்லி அதட்டுவேன்."

"ஹாரன்?"

"கேக்காம வண்டி ஓட்ட முடியுமா?"

"அன்னிக்கு பார்சல்காரன் அடிச்ச மணி?"

அவர் என்னைப் பார்த்தார், கூரை விளக்கைப் பார்த்தார். கேட்டதாம். எழுந்து போகச் சோம்பலாக இருந்ததாம். சோம்பல் என்று சொன்னால் திட்டு விழும், காது கேட்கவில்லை என்றால் பாவம் என்று விட்டுவிடுவார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டாராம். காது போய்விட்டது என்று ஆன பிறகு டீ கைக்கே வந்ததாம், கடைக்குப் போ என்று யாரும் சொல்வதில்லையாம், அதுவும் சௌகரியமாகத்தான் இருந்ததாம். சாவி விஷயம் வந்தபோது திடுக்கென்றிருக்கிறது. ஆனால் அதற்குள் எல்லோரும் சொல்லிச் சொல்லி அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. டிவியில் பேசுவது நிஜமாகவே புரியவில்லையே, அப்படியானால் ரோட்டிலும் எதையோ கேட்காமல் விடுகிறோமோ என்று பயந்துபோயிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அண்ணிக்கு இரண்டும் வரவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார், குரல் உடைந்து.

"சொன்னேனே. டிவில பேசறது புரியலன்னு முதல் நாளே சொன்னேன். காது கேக்கலன்னு நான் எப்பவும் சொல்லல. அதை நீங்கதான் சொன்னீங்க."

போன் பண்ணுகிறவர் சொல்வதை முதலில் நம்ப வேண்டும் என்று சட்டம் போட்டவர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம்தான். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்தபோது பழைய பிளக் அக்கா ஆகிவிட்டார். அழுது முடித்துவிட்டு வேலை பார்ப்பது அவருக்கு வராது, வேலை பார்த்து முடித்துவிட்டு வேண்டுமானால் அழுவார். மாடிக்கு ஓடி ஒரு பழைய ஸ்பீக்கரில் இருந்து ட்வீட்டரை எடுத்து வந்தார். சால்டரிங் அயர்னைச் சூடேற்றிப் பற்றவைத்தார். மேலே டேப் சுற்றினார். முனையை மடித்தார். நீளப் பெட்டி மறுபடி டிவிக்குக் கீழே போய் உட்கார்ந்தது.

மகளையும் என் வீட்டுக்காரரையும் ஹாலில் உட்கார வைத்தார். ஒளிக்கவில்லை, பூசி மெழுகவில்லை. தப்பு தன் கையால் நடந்தது என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னார். டிவியைப் போட்டார், ஆசிரியர் தரையைத் தட்டாத சத்தத்தில். செய்தி வாசிக்கிறவள் சொன்னதை அண்ணன் வரிக்கு வரி திருப்பிச் சொன்னார். என் வீட்டுக்காரர் ஆச்சரியத்தில் முதல் முறையாக மெதுவாகப் பேசினார்.

மகள் மசியவில்லை. அவள் அம்மாவுக்குப் பிறந்தவள். "டிவி வேற, ரோடு வேறம்மா. அத்தை கடையில அப்பா சிலந்தின்னு சொன்னாரு சரி. அதை நம்பி ஊரார் பிள்ளைங்களை ஏத்தச் சொல்றீங்களா?"

அண்ணி கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் மகளின் தோளைத் தட்டினார். "சரியாத்தான் கேக்கற. மாத்திப் போட்டுப் பாத்தாச்சு. இனி மீட்டர் வச்சுப் பாத்துடுவோம்" என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "என்னங்க, மீட்டர் இல்லாததைச் சொல்லாது. இருக்கறதைத்தான் காட்டும். பயப்படாம வாங்க" என்றார்.

அன்று சாயங்காலமே அண்ணன், அண்ணி, மகள், நான் என்று நாலு பேரும் காது சோதிக்கிற இடத்துக்குப் போனோம். கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் அண்ணனை உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார்கள். கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்கிறபோதெல்லாம் அமுக்க வேண்டும். சோதிக்கிற அம்மா வெளியே உட்கார்ந்து ஏதோ திருகினார். எங்களுக்கு ஒன்றும் கேட்காது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவர் கட்டைவிரலைப் பார்ப்பது ஒன்றுதான் நாங்கள் செய்ய முடிந்தது. மகள் கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே அந்தச் சாவி.

முதலில் விரல் அசையவில்லை. அப்புறம் அமுக்கினார். மறுபடி அமுக்கினார். எங்களைச் சுற்றி நிசப்தம், அவர் விரல் மட்டும் அமுக்கிக்கொண்டே இருந்தது. எங்கள் யாருக்கும் கேட்காத எதையோ அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மகளின் கண்ணிலிருந்து நீர் வழிந்ததை அவள் துடைத்துக்கொள்ளவே இல்லை.

வெளியே வந்த பிறகு அந்த அம்மா விளக்கினார். வயசுக்கு ஏற்ற மாதிரி மிக மெல்லிய கூர் ஒலிகளில் துளி குறைவு இருக்கிறது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, வண்டி ஓட்டத் தடை ஒன்றும் இல்லை, வருஷா வருஷம் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். டிவிப் பேச்சை நாங்கள் ஊகிக்க முடிந்தபோது அண்ணனால் ஏன் முடியவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அவர் காதுக்குச் சற்றே குறைகிற அதே ஒலியைத்தான் அண்ணி ஸ்பீக்கரிலும் வெட்டி வைத்திருந்தார். அண்ணி அதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். நாளைக்கே தன் காதையும் சோதித்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். வீட்டில் புகார் வந்தபோது கேட்காமல் போனது எந்தக் காது என்று தெரிய வேண்டுமாம்.

மகள் வழியெல்லாம் கைப்பையைக் கீழே வைக்கவில்லை. சாவியையும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆணி வெறுமையாகவே இருந்தது. அண்ணனும் கேட்கவில்லை, அவர் எதைத்தான் கேட்டிருக்கிறார். அவள் இன்னும் நம்பவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். நம்பாமல் இல்லை, இத்தனை நாள் கத்தினதற்கு என்ன முகத்தோடு கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை என்றார் அண்ணி.

திங்கட்கிழமை காலை நான் பால் வாங்க மேலே போயிருந்தேன். கடைக்குப் போகச் சோம்பல்பட்டால் நான் அண்ணி வீட்டுப் பாலில் கை வைப்பது வழக்கம். அண்ணன் சட்டை போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகு காட்டி, ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அடுப்பில் குக்கர் இரைந்துகொண்டிருந்தது. டிவியில் காலைச் செய்தி ஓடியது. மகள் சமையலறைக் கதவருகே வந்து நின்றாள். கைப்பையைத் திறந்தாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் அவரிடம் பேசாத குரலில், அடுத்து நின்ற எனக்கே அரைகுறையாகக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அப்பா, சாவி."

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினார்.